கோணல் வகிடு

என் கதைகளைப் படிப்பவர்களுக்குத் தெரியும். நான் எழுதுவது கல்யாணம், ஊடல், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிற மனைவி, கடைசி அத்தியாயத்தில் அவளைத் தேடி வந்து வாசலில் நிற்கிற கணவன். பேயைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. எழுதவும் வராது. அதனால் இதை நான் கட்டிச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால், அவர்கள் என் திறமையை அதிகமாக மதிப்பிடுகிறார்கள்.

இது எனக்கு நடந்தது. என் கணவரும் கூட இருந்தார். இல்லை... சரியாகச் சொன்னால், நடந்த அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவர் கூட இல்லை.

ஒரு போட்டோவும் இருந்தது. இப்போது அது யாரும் எடுக்க முடியாத இடத்தில் இருக்கிறது.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். கீழ்வேளூருக்குத் தெற்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வருகிறவர்களின் சொந்தக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். நிம்மதியாக இருக்கட்டும்.

1984, மாசி மாதம். என் கணவர் குஞ்சிதபாதம் அப்போது மயிலாடுதுறையில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாணப் படம், காதுகுத்துப் படம், துபாய் போகிறவர்களுக்கு பாஸ்போர்ட் படம். அந்த வருஷம் தஞ்சாவூர்ப் பேராசிரியர் ஒருவர் அவரிடம் புது மாதிரி வேலை ஒன்றைக் கொடுத்திருந்தார். பழைய பண்ணைக் கட்டடங்களைப் படம் எடுக்க வேண்டும். நெல் களஞ்சியம், வண்டிக் கொட்டகை, மாட்டுக் கொட்டில். நில உச்சவரம்பு வந்து, பாகம் பிரிந்து, மிராசுதார்களின் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட பிறகு அவையெல்லாம் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. விழுவதற்கு முன் படத்திலாவது இருக்கட்டும் என்பது பேராசிரியரின் ஆசை.

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து நானும் போவேன். ஃபிளாஷைத் தூக்கிப் பிடிக்க அவருக்கு ஓர் ஆள் வேண்டும். சம்பளம் கேட்காத அசிஸ்டென்ட் என்று என்னை எல்லோரிடமும் அறிமுகம் செய்வார். சாப்பாடும் கட்டிக்கொண்டு வருகிற அசிஸ்டென்ட் என்று நான் திருத்துவேன்.

அந்த ஊர்க் களஞ்சியத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. அண்ணன் தம்பி பாக வழக்கில் கோர்ட்டார் பூட்டி அரக்கு முத்திரை வைத்த கட்டடம் அது. பூட்டும்போது உள்ளே இருந்த நெல் அப்படியே உள்ளேயே இருந்தது. பதினான்கு வருஷம். அந்த மாதம்தான் வழக்கு முடிந்து, மரத்துக்காக ஒரு கான்ட்ராக்டர் அதை விலைக்கு எடுத்திருந்தார். மறுநாள் காலையில் பிரிக்க ஆள் வருகிறது. எங்களுக்கு இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

ஊருக்குள் போகிற மதகு உடைந்து கிடந்தது. மெயின் ரோட்டு டீக்கடையில் ஸ்கூட்டரை விட்டுவிட்டு வாய்க்கால் கரையோடு நடந்தோம். அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து பச்சையாகப் படர்ந்திருந்தது. அதில் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண், என் கணவரின் தோளில் தொங்கிய கேமராவைப் பார்த்துவிட்டுக் கரையேறி வந்தாள். ஐம்பது வயது இருக்கும். ராசம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"ஐயா, ஆளு இல்லாம ஆளப் படம் எடுக்க முடியுங்களா?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "ஆளு இல்லாம எடுத்தா அது வெறும் செவுத்துப் படங்க."

அவள் சிரிக்கவில்லை. கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு ஒரு மகள் இருந்தாளாம். அம்சவல்லி. பத்து வயதில், நாகப்பட்டினத்தில் தை அமாவாசைக் கூட்டத்தில் தொலைந்துபோய்விட்டாளாம். வருஷம் பதினான்கு ஆகிறது. மகன் வீரையன் நெய்வேலியில் வேலையில் இருக்கிறான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வந்து, நான்கு நாளாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான். இந்தத் தடவையும் வராவிட்டால் இனிமேல் கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டான். போக அவளுக்கும் ஆசைதான். ஆனால் அவள் போன பிறகு அந்தப் பெண் திரும்பி வந்தால்? மகளின் படம் ஒன்று இருந்தால் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவாள். இந்த முகத்தில் யாராவது வந்து கேட்டால் ஆத்தா நெய்வேலியில் இருக்கிறாள் என்று சொல்லச் சொல்லுவாள். ஆனால் அந்தப் பெண்ணை யாரும் ஒரு தடவைகூடப் படம் எடுத்ததில்லை.

"நான் மொகத்தச் சொல்லச் சொல்ல நீங்க படமா எழுதிக் குடுத்தாலும் போதுங்க" என்றாள்.

என் கணவர் முடியாது என்று சொன்ன விதத்தை நான் மறக்க மாட்டேன். அவ்வளவு மெதுவாக அவர் என்னிடம்கூடப் பேசியதில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். "மொகமே மறந்துகிட்டு வருதும்மா. தல சீவிவிட்டது மட்டுந்தான் கையில நிக்கிது."

களஞ்சியத்துக்கு வழி கேட்டோம். மூங்கில் தோப்பு வரை கூடவே வந்தாள். அங்கே நின்றுவிட்டாள். தூரத்தில் ஓட்டுக்கூரை தெரிந்தது.

"அந்தக் கேட்டத் தாண்டி நான் வர்றதில்லீங்க" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கேட்டில் காவல்காரர் அரசப்பன் சாவியோடு காத்திருந்தார். கோர்ட்டில் இருந்து காவலுக்குப் போட்ட ஆள். பேச்சு கம்மி. கதவைத் திறந்துவிட்டு, விளக்கு வைக்கிறதுக்குள் வெளியே வந்துவிடுங்கள் என்றார். கரண்ட் இல்லையா என்று என் கணவர் கேட்டார். கரண்ட் எல்லாம் எப்போதோ வெட்டியாச்சு என்றார். பிறகு, போகிற போக்கில் சொல்வது போல ஒன்று சொன்னார்.

"உள்ள எலி தட்டும். கண்டுக்காதீங்க."

"எலி கொறிக்கும். தட்டுமா?" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார். "இந்த எலி தட்டும்மா."

நல்ல வேடிக்கை மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

நீளமான செங்கல் கட்டடம். வெளியே வண்டிக் கொட்டகை, இருபது மாடு கட்டுகிற கொட்டில், கல் தொட்டி. ஒவ்வொன்றையும் அவர் நிதானமாக எடுத்தார். சாய்ந்த வெயில் சுவரில் விழும்வரை காத்திருந்து எடுத்தார். நான் ஓடுகளின் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசுக்கு இதமாகத்தான் இருந்தது.

கடைசியாக உள்ளே போனோம்.

நடுவில் அந்தப் பத்தாயம் நின்றது. நெல் கொட்டி வைக்கிற மரப்பெட்டியைத்தான் பத்தாயம் என்பார்கள். வீட்டுப் பத்தாயம் பீரோ மாதிரி இருக்கும். இது ஓர் அறை மாதிரி இருந்தது. கனமான தேக்குப் பலகைகள், கல் கால்கள், என் கணவர் கையைத் தூக்கினாலும் எட்டாத உயரம். நெல்லை எடுக்க அடியில் ஒரு சின்னக் கதவு. அதில் இன்னும் அரக்கு முத்திரை. நெல்லைக் கொட்ட மேலே, ஒரு ஓரத்தில், சதுரமான ஒரு வாய், அதற்கு மூடி. பக்கவாட்டில் ஏறிப் போக மரப்படி.

இரண்டு விஷயம் எனக்கு அப்போதே உறுத்தியது.

இவ்வளவு நெல் இருக்கிற இடத்தில் ஒரு குருவிகூட இல்லை. எலி இருக்கிறது என்றாரே... தரையில் பதினான்கு வருஷத் தூசி. அதில் ஓர் எலிப்புழுக்கைகூட இல்லை.

பத்தாயத்தின் உட்புறத்தை மேலிருந்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார் அவர். மரப்படியில் ஒரு காலை வைத்தார். அது முனகியது. காலை எடுத்துவிட்டார்.

"சாவி, நீ ஏறு. என் எடைக்கு இது தாங்காது."

"போன வாரம் நான்தான் குண்டுன்னு சொன்னீங்க."

"அது வீட்டுல. இது வேலை."

என் பெயர் சாவித்திரி. அவருக்கு நான் சாவி. கேமராவில் ஒரே ஒரு படம்தான் மிச்சம் இருந்தது. அடுத்த ஃபிலிம் சுருளை ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துவிட்டு வந்திருந்தார். போய் எடுத்து வருகிறேன், அதற்குள் மேலே ஏறி இடம் பார்த்துவை, இருக்கிற ஒன்றை அவசரப்பட்டு வீணாக்கிவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். கேமராவை என் கழுத்தில் மாட்டி, ஃபிளாஷையும் பொருத்தி, ஒரு டார்ச்சையும் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

நான் ஏறினேன். மேல் பலகையில் மண்டி போட்டு உட்கார்ந்தேன். மூடியைத் தள்ளினேன். டார்ச்சை அடித்தேன்.

உள்ளே சாம்பல் நிறத்தில் உளுத்துப்போன நெல். நெல் என்றுகூடச் சொல்ல முடியாது. பூச்சி தின்று மிச்சம் வைத்த உமியும் தூளும். அதுவும் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. நான் உள்ளே நிற்க முடிந்தால் என் தலை மட்டும்தான் மேலே தெரியும். அவ்வளவு ஆழம். அந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கோ ஒரு டிராக்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ உழுகிறார்கள் என்று நினைத்தேன்.

மணி பார்த்தேன். ஆறு இருபது. வெளிச்சம் வாசலில் மட்டும் ஒரு கட்டம் மாதிரி விழுந்திருந்தது.

டொக்.

மரத்தில் யாரோ தட்டிய சத்தம்.

பத்தாயத்தின் தூரத்து மூலையில் இருந்து வந்தது. வெளியே இருந்து இல்லை. உள்ளே இருந்து.

எலி, என்று சொல்லிக்கொண்டேன். எனக்கே சிரிப்பு வந்தது.

டொக்.

இந்தத் தடவை அது என் உள்ளங்கையில் தெரிந்தது. நான் கை ஊன்றியிருந்த பலகை லேசாக அதிர்ந்தது.

டார்ச்சை அந்த மூலைக்குத் திருப்பினேன். சாம்பல் நிறத் தூள். வேறு எதுவும் இல்லை.

"என்னங்க..." என்று கூப்பிட்டேன். அவர் கீழே ஒளிந்துகொண்டு விளையாடுகிறார் என்று ஒரு நப்பாசை. பதில் இல்லை.

டொக்.

தட்டிவிட்டு நிறுத்தி, யாரோ காத்திருப்பது போல இருந்தது. பதிலுக்காக. குழந்தைகள் கதவைத் தட்டிவிட்டு நிற்குமே, அப்படி.

பயத்தில்தான் செய்தேனா, பழக்கத்தில் செய்தேனா... இன்றுவரை தெரியவில்லை. விரலை மடக்கி, நான் உட்கார்ந்திருந்த பலகையில் ஒரு தடவை தட்டினேன்.

டொக்.

எல்லாம் நின்றது. டிராக்டர் சத்தம்கூட ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது.

பிறகு...

சரர்ர்ர்ர்...

ஒரு கூடை நெல்லை யாரோ கவிழ்த்த சத்தம்.

எனக்குக் கீழே. அந்த வாய்க்குள்ளே.

யாரும் இல்லை. கூடை இல்லை. என் கை இரண்டும் பலகையில் இருந்தன.

வாசனை வந்தது. உளுத்த வாசனை இல்லை. அன்று காலையில் அடித்த கதிரின் வாசனை. ஈர வைக்கோல் வாசனை.

டொக். டொக்.

இந்தத் தடவை வேகமாக.

சரர்ர்ர்ர்...

டொக் டொக் டொக்.

சரர்ர்ர்ர்...

டார்ச் கையை விட்டு உள்ளே விழுந்தது. அது விழுந்த சத்தம் உடனே கேட்டது. அவ்வளவு ஆழத்தில் விழுகிற பொருள் அவ்வளவு சீக்கிரம் விழாது.

தட்டுவது நிற்கவில்லை. மேலே மேலே ஏறி வந்தது. சுவரின் நடுவில்... சுவரின் மேலே... பிறகு நான் மண்டியிட்டிருந்த பலகையின் அடியில்.

அழ வேண்டும் போல இருந்தது. பயத்தினால் இல்லை. எப்படிச் சொல்வேன்... அது பயமுறுத்துகிற தட்டல் இல்லை. கெஞ்சுகிற தட்டல்.

கேமராவை ஏன் தூக்கினேன் என்று தெரியாது. வெளிச்சம் வேண்டும் என்று நினைத்திருப்பேன். வாய்க்குள் நீட்டி, மூலைப் பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

பளீர்.

தட்டுவது நின்றது.

கொட்டுவதும் நின்றது.

இருட்டில், என் முழங்காலுக்கு நேர் கீழே, கடைசியாக ஒன்று.

டொக்.

மிக மெதுவாக.

அவ்வளவுதான்.

நான் எப்படி இறங்கினேன் என்று ஞாபகம் இல்லை. வாசலில் என் கணவர் ஃபிலிம் சுருளோடு வந்துகொண்டிருந்தார். அவர் மேல் போய் மோதினேன். என்ன, என்ன என்று கேட்டார். உள்ளே கையைக் காட்டினேன். அவர் என் தலையில் எதையோ தட்டிவிட்டார். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டு அதை விரலில் எடுத்து உற்றுப் பார்த்தார்.

நெல்மணி. என் கூந்தலில், தோளில், புடவை மடிப்பில். உளுத்த நெல் இல்லை. பொன் நிறத்தில், முனை உடையாத புது நெல்.

அவர் உள்ளே போய்ப் பார்த்தார். அவர் அப்படித்தான், பார்க்காமல் நம்ப மாட்டார். அடிக்கதவின் அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. படியில் பாதி ஏறி எட்டிப் பார்த்தாராம். ஆழத்தில், சாம்பல் தூளின் மேல், என் டார்ச் எரிந்துகொண்டு கிடந்ததாம்.

டிராக்டர் சத்தம் கேட்டதே என்றேன். எந்த டிராக்டர் என்று கேட்டார். உளுந்து நிற்கிற வயலில் யார் டிராக்டர் ஓட்டுவார்கள்?

கேட்டில் அரசப்பன் அரிக்கேன் விளக்கோடு நின்றார். என் முகத்தைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்.

"தட்டுச்சா?"

வீட்டுக்கு வந்து எனக்கு ஜுரம். மறுநாள் சாயங்காலம் அவர் இருட்டறையில் ஃபிலிமைக் கழுவினார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கையில் ஈரம் காயாத ஒரே ஒரு படம் இருந்தது. என் எதிரில் உட்கார்ந்தார்.

"சாவி, பத்தாயம் பாதி காலின்னுதானே சொன்ன? நானும் அப்படித்தானே பார்த்தேன்?"

ஆமாம் என்றேன். படத்தைக் கொடுத்தார்.

கறுப்பு வெள்ளைப் படம். பத்தாயம் நிறைந்திருந்தது. மேல் பலகைக்கு ஒரு முழம் கீழே வரை நெல். மலை மாதிரி குவிந்து, சரிந்து, பளபளவென்று. அந்தச் சரிவு முடிகிற தூரத்து மூலையில், பலகைக்கும் நெல்லுக்கும் நடுவில் இருந்த சின்ன இடைவெளியில், ஒரு தலை.

குழந்தையின் தலை. முகம் தெரியவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இரட்டைப் பின்னல், ரிப்பன். ஒரு கை மட்டும் நெல்லுக்கு வெளியே. விரல்கள் மடங்கி, பலகையின் மேல்.

ஃபிளாஷ் நேராகத் தலையில் விழுந்ததால் வகிடு வெள்ளையாகத் தெரிந்தது. நெற்றியில் இருந்து நேராகக் கிளம்பி, பாதி வழியில் இடது பக்கம் கோணிப்போன வகிடு.

நான் ராசம்மாளை நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அரசப்பன் ஸ்டூடியோவுக்கே வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. பத்தாயத்தைப் பிரித்தபோது உளுத்த நெல்லுக்கு அடியில், தூரத்து மூலையில், எலும்பு கிடைத்ததாம். சின்ன எலும்பு. கண்ணாடி வளையல் துண்டு, ரிப்பன், நெல் தள்ளுகிற கைப்பலகை ஒன்று. போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனதாம். ரிப்பனைப் பார்த்ததும் ராசம்மாள் சத்தமே போடாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். மகளைத் தொலைத்தது நாகப்பட்டினத்தில் இல்லை என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

படத்தை அவளிடம் கொடுப்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் ஒரு ராத்திரி முழுக்க வாக்குவாதம். கொடுத்தால் செத்துவிடுவாள் என்றார் அவர். கொடுக்காவிட்டால் அவள் அந்த ஊரை விட்டுப் போகவே மாட்டாள் என்றேன் நான். சனிக்கிழமை காலையில் போனோம்.

வீட்டு வாசலில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. வீரையன் அதைக் கயிறு போட்டுக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். அம்மா கிளம்புவாளா என்று அவனுக்கே தெரியவில்லை. ராசம்மாள் எங்களைப் பாயில் உட்காரவைத்தாள். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

அந்த வருஷம் தை அறுவடைக்குக் கூலி உயர்வு கேட்டு யாரும் வயலில் இறங்கவில்லை. பண்ணை வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கியது. மறியல் செய்த அவள் புருஷன் சாமிதுரையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. வீட்டில் அடுப்பு எரியவில்லை. அப்போது பண்ணைக் காரியக்காரர் ரகசியமாக ஆள் அனுப்பினார். வெளியூர் ஆட்களிடம் குழந்தைகள் இல்லை. பத்தாயத்துக்குள் குழந்தைதான் இறங்க முடியும். மேல் வாயில் கொட்டுகிற நெல் அதே இடத்தில் குவிந்து நிற்கும். உள்ளே ஒரு சின்ன ஆள் இருந்து அதை மூலைக்கு மூலை தள்ளிவிட வேண்டும். ராசம்மாளும் சின்ன வயதில் அந்தப் பத்தாயத்திலேயே இறங்கியவள்தான். ஒரு மரக்கால் நெல் தருவதாகச் சொன்னார்கள்.

போராட்டத்தில் முன்னால் நிற்கிறவன் வீட்டுப் பெண்ணைப் பண்ணை வேலைக்கு அனுப்புவதா? தெருவுக்குத் தெரிந்தால் காறித் துப்புவார்கள். அதனால் விடியும் முன் எழுப்பி, விளக்குகூட ஏற்றாமல் தலை சீவி, ரிப்பன் கட்டி அனுப்பினாள். சாயங்காலம், மறியல்காரர்கள் வருகிறார்கள் என்று சேதி வந்து, கட்டடத்து வாசலில் இன்ஜினை அணைக்காமல் டிராக்டரை நிறுத்தி, அவசர அவசரமாக நெல்லைக் கொட்டி மூடினார்களாம். பெண் திரும்பி வரவில்லை. இருட்டில் காரியக்காரரிடம் போய்க் கேட்டாள். அப்போதே போய்விட்டாளே என்றார் அவர். வெளியூர் ஆட்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நம்பினாள். தேடச் சொல்லித் தெருவில் யாரையும் கேட்க முடியவில்லை. கேட்டால் எங்கே அனுப்பினாய் என்பார்கள். ஜெயிலில் இருந்து வந்த புருஷனிடமும் அமாவாசைக் கூட்டம் என்றுதான் சொன்னாள். அவன் அதை நம்பியே செத்தும் போனான்.

"அந்த டிராக்டரு சத்தத்துல அது கத்துனா யாருக்குக் கேக்கும்?" என்றாள். "தட்டுறதுதான் கேட்டிருக்கும்."

நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன். எனக்கும் கேட்டது என்றேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். வீரையன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டான். ராசம்மாள் அசையாமல் கேட்டாள்.

"நீங்க பதிலுக்குத் தட்டுனீங்களா?"

"ஒரு தடவை."

அவள் முகத்தை டிரங்குப் பெட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, என்னைப் பார்க்காமல், சொன்னாள்.

"உள்ள இருக்குற புள்ள தட்டுனா, தள்ளி முடிச்சிட்டேன், அடுத்த கூடை கொட்டலாம்னு அர்த்தம்மா. மேல இருக்குறவங்க பதிலுக்குத் தட்டுவாங்க. ஒதுங்கிக்க, கொட்டப்போறோம்னு அர்த்தம்."

தட்டிய கையை மடிக்குள் இழுத்துக்கொண்டேன்.

அப்படியானால் அந்தக் குழந்தை தட்டத் தட்ட... அவர்கள் கொட்டியிருக்கிறார்கள். காப்பாற்றச் சொல்லித் தட்டியது. கொட்டச் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டு கொட்டியிருக்கிறார்கள். பதினான்கு வருஷம் கழித்து நானும் ஒரு தடவை...

நான் அழுதேன். ராசம்மாள்தான் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"உங்களுக்கு என்னம்மா தெரியும்? பேரச் சொல்லி யாராச்சும் ஒருக்காக் கூப்பிட்டிருக்கலாம். அவ்வளவுதான்."

என் கணவர் சட்டைப் பையில் இருந்து கவரை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அவள் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். முகம் இல்லாத படம். ஆனால் அவள் ஒரு தடவைகூட அது யார் என்று கேட்கவில்லை. சுட்டுவிரலை அந்த வகிட்டின் மேல் வைத்து, நெற்றியில் இருந்து மெதுவாக இழுத்துக்கொண்டு போனாள். கோணுகிற இடத்தில் விரல் நின்றது.

"இருட்டுல எடுத்தது. பாதியில கோணிடுச்சு. பிரிச்சுச் சீவிவிடு ஆத்தான்னு சொன்னுச்சு... நேரமாச்சு போன்னு அனுப்பிட்டேன்."

மறுநாள் அவள் மகனோடு நெய்வேலிக்குக் கிளம்பிப் போனாள். படத்தை டீக்கடையில் கொடுக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

எங்களுக்குப் பிறகு ஒரு பெண் பிறந்தாள். எங்கள் வீட்டில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிடுவோம். ஏன் என்று அவள் கேட்டிருக்கிறாள். இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

கதையை இங்கே முடித்திருப்பேன். ஆனால் போன வருஷம் வீரையன் எங்களைப் பார்க்க வந்தான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. அம்மா தவறிவிட்டாள் என்று சொல்ல வந்திருந்தான். நெய்வேலியில் இருந்த இத்தனை வருஷமும் சாயங்காலம் ஆனால் அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு சீப்பின் முனையால் அதை லேசாகத் தடவிக்கொண்டே இருப்பாளாம். வீட்டில் யாரும் கேட்க மாட்டார்களாம். கேட்டால்தான் அழுவாள் என்று விட்டுவிட்டார்களாம். அவளோடு சேர்த்துப் படத்தையும் குழிக்குள் வைத்துவிட்டோம் என்றான்.

நல்ல காரியம் செய்தாய் தம்பி என்றேன்.

அவன் போக எழுந்தான். செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்தான்.

"வைக்கிறதுக்கு முன்னாடி ஒருக்கா எடுத்துப் பார்த்தேங்க்கா."

"என்ன தம்பி?"

"வகிடு நேரா இருந்துச்சு."